சாம்பல் கன்னம்

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது இப்போது வங்கிக்கும் ஆஸ்பத்திரிக்கும் மட்டும்தான் தெரியும். மற்ற எல்லோருக்கும் அவர் ‘ரெண்டு கோட்டு’. முப்பது வருஷமாகக் கார்களுக்கு வண்ணம் அடிக்கிறவர். வண்டி மரத்தில் மோதியிருந்தாலும் சரி, மதில்சுவரை முத்தமிட்டிருந்தாலும் சரி, அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "ரெண்டு கோட்டு அடிச்சா எல்லாம் சரியாப் போயிடும்" என்பார். வீட்டில் மனைவி தலைவலி என்று படுத்தால் தைலக் குப்பியோடு வந்து நின்று அதே வாக்கியத்தைச் சொல்வார். அதனால் தலைவலி போனதோ இல்லையோ, பேர் மட்டும் நிலைத்துவிட்டது.

ஆனால் இரண்டு கோட்டில் சரியாகாத விஷயம் ஒன்று அவர் வாழ்க்கையிலேயே இருந்தது. அவருடைய அக்காவும் மனைவியும் பதினோரு வருஷமாகப் பேசிக்கொள்ளவில்லை.

அக்கா ஓவியர். எண்ணெய் வண்ணத்தில், அதுவும் பழைய முறையில், மரப் பலகையின் மேல் பூச்சுக்கு மேல் பூச்சாகப் போட்டு வரைகிறவள். தம்பி புது வீட்டுக்குக் குடிபோனபோது பார்க்க வந்தாள். கூடத்தில் மனைவி ஆசை ஆசையாக வாங்கி மாட்டிய ஒரு அச்சுப் படம்: ஏரி, அந்தி வானம், இரண்டு அன்னம். அக்கா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பார்த்துவிட்டுப் பேசாமல் வந்து உட்கார்ந்திருக்கலாம். "ஆணி பாவம்" என்றாள்.

மனைவி காப்பித் தட்டைக் கீழே வைத்தாள். "உங்க படம் ஒண்ணாவது யார் வீட்டு ஆணியிலயாவது தொங்குதா அண்ணி?"

அதோடு சரி. அக்காவின் படங்கள் அவள் அறையிலேயே சுவர்ப்பக்கம் முகம் திருப்பி நின்றுகொண்டிருந்தன என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததை வாய்விட்டுச் சொல்வதுதான் குற்றம். அன்றிலிருந்து எந்த விசேஷத்தில் சாப்பிட உட்கார்ந்தாலும் இரண்டு பேருக்கும் நடுவில் ரெண்டு கோட்டு உட்கார வேண்டியதாயிற்று. "உங்க அக்காகிட்ட உப்பைத் தள்ளச் சொல்லுங்க" என்று இடது காதில் விழும். "உப்பு அவ முழங்கைக்குப் பக்கத்துலதான் இருக்குன்னு சொல்லு" என்று வலது காதில் விழும். நடுவில் இருந்தவர் உப்பே இல்லாமல் சாப்பிட்டு எழுந்திருப்பார்.

இருபத்தைந்தாவது கல்யாண நாள் நெருங்கியபோது அவருக்கு ஒரு யோசனை வந்தது. பொதுவாக அவருக்கு யோசனை வந்தால் மனைவி கதவைச் சாத்திக்கொள்வாள். இந்தத் தடவை அவர் வாயே திறக்கவில்லை. நேரே அக்காவிடம் போனார். "உன் கையால தன் முகத்தை ஒரு தடவை வரைஞ்சு பாக்கணும்னு அவ ஏங்கிக் கிடக்கா, கேக்கத்தான் வாய் வரலை" என்றார். வீட்டுக்கு வந்து மனைவியிடம், "அக்காவுக்கு ஒரு முகம் வேணுமாம். ஊர்ல எத்தனையோ முகம் இருக்கு, உன்னுதுதான் வேணுங்குது. என்ன பண்ணச் சொல்றே?" என்றார். இரண்டும் கலப்படமில்லாத பொய்.

இரண்டு பேரும் நம்பினார்களா என்பது வேறு கதை. ஆனால் அடுத்த ஞாயிறு காலை மனைவி நீலச் சேலை கட்டிக்கொண்டு, பல் பிடுங்கப் போகிறவள் மாதிரி வண்டியில் ஏறினாள்.

அப்படி எட்டு மாசம். அக்காவின் அறை மாடியில் இருந்தது. வடக்குப் பார்த்த ஒரே ஜன்னல், ஆளிவிதை எண்ணெயும் டர்பன்டைனும் கலந்த வாசனை, ஜன்னலோரம் ஒரு நாற்காலி. அக்கா வைத்த சட்டம்: முடியும் வரைக்கும் படத்தை உட்காருகிறவளும் பார்க்கக் கூடாது, கூட்டிக்கொண்டு வருகிறவனும் பார்க்கக் கூடாது. வேலை முடிந்த மறு நிமிஷம் படத்தின் மேல் துணி விழுந்துவிடும். எனவே ரெண்டு கோட்டு வெளியே படியில் உட்கார்ந்து காதை மட்டும் உள்ளே அனுப்பி வைப்பார்.

முதல் மாசம் ஒன்றும் கேட்கவில்லை. தூரிகை பலகையில் உரசுகிற சத்தம், எப்போதாவது, "கழுத்து." அவ்வளவுதான். ‘கழுத்தை இந்தப் பக்கம் திருப்பு’ என்பதற்குக்கூடச் சொல் செலவழிக்க அக்கா தயாராக இல்லை. மூன்றாவது மாசம், "தண்ணி?" என்று ஒரு குரல். கொஞ்ச நேரம் கழித்து டம்ளர் வைக்கப்படும் சத்தம். படியில் இருந்தவருக்கு அது மேளச் சத்தமாகக் கேட்டது. ஐந்தாவது மாசம் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். அவரைப் பற்றித்தான் என்பது சிரிப்பின் தன்மையிலிருந்தே தெரிந்தது. இருபத்தைந்து வருஷத்தில் தன்னைப் பற்றிய கேலி ஒன்று இவ்வளவு இனித்ததில்லை.

ஒரே ஒரு கவலைதான். படம் முடிகிற பாடாக இல்லை.

"இன்னும் எத்தனை கோட்டு அக்கா?"

"எண்ணலைடா. இருபது இருக்கும்."

"இருபதா! ஒரு லாரிக்கே நான் அஞ்சுக்கு மேல போனதில்லை."

"லாரி சிரிக்காது."

அக்கா படியில் வந்து உட்கார்ந்து கை துடைத்துக்கொண்டே சொன்னாள். முதலில் பலகைக்குச் சுண்ணாம்புப் பொடியும் பசையும் கலந்த வெள்ளை. தந்தம் மாதிரி வழவழப்பு வரும் வரை தேய்க்க வேண்டும். அதன் மேல் முகத்தின் கோடு. அதன் மேல் சாம்பல். நிறமே கிடையாது, வெறும் வெளிச்சமும் இருட்டும்.

"அதுக்குப் பேரு செத்த பூச்சு. பாக்க அப்படியே பிணம் மாதிரி இருக்கும்."

"என் பொண்டாட்டியைப் பிணமா வரைஞ்சியா?"

"எல்லாரையும் அங்கேருந்துதான் ஆரம்பிக்கணும். உயிர் அப்புறம் வரும், மெதுவா. கண்ணாடி மாதிரி மெல்லிசா நிறம், அது காய்ஞ்சா இன்னொண்ணு. மேல போகப் போக எண்ணெய் கூடும், அதனால காயறதும் மெதுவாயிடும். கீழ இருக்கறது காயாம மேல போட்டா ஒரு நாள் இல்லாட்டி ஒரு நாள் காட்டிக் குடுத்துடும்."

"கல்யாண நாள் வர்ற ஞாயித்துக்கிழமை" என்றார் அவர். அதற்கு முந்தைய ஞாயிறும் கல்யாண நாளைத்தான் நினைவுபடுத்தினார். அதற்கு முந்தைய ஞாயிறும். கூடத்துச் சுவருக்குப் புதிதாக இரண்டு கோட்டு அடித்து, நடுவில் ஆணியும் அறைந்தாகிவிட்டது. அன்னப் படத்தை மனைவி தானாகவே கழற்றிப் பரணில் வைத்திருந்தாள். அதை அவர் அக்காவிடம் சொல்லவில்லை. படமும் கையுமாகச் சொல்ல வேண்டிய செய்தி அது.

அக்கா பெருமூச்சு விட்டாள். "வரைஞ்சாச்சு, போ. ஆனா கன்னமும் வாயும் இன்னும் பிசுபிசுன்னு இருக்கு. ஞாயித்துக்கிழமைக்குள்ள காயாது. மாசம் ஆகும்."

ஆக்கப் பொறுத்தவருக்கு ஆறப் பொறுக்கவில்லை என்பார்கள். எட்டு மாசம் படியில் உட்கார்ந்த மனிதருக்குக் கடைசி ஒரு மாசம் பொறுக்கவில்லை. அதுவும், காய வைப்பதையே தொழிலாகக் கொண்டவருக்கு.

வெள்ளிக்கிழமை அக்கா கண் டாக்டரைப் பார்க்கப் போவதாகச் சொல்லியிருந்தாள். மாற்றுச் சாவி அவரிடம் இருந்தது. பத்து மணிக்கெல்லாம் படம், துணி போர்த்திய கோலத்தில், வண்டியின் பின் இருக்கையில் பெல்ட் மாட்டி உட்கார்ந்திருந்தது. பட்டறைக்கு வந்து, வண்ணத்தில் குறை பார்ப்பதற்காக வரிசையாகக் குழல் விளக்குகள் பொருத்திய சட்டத்துக்கு முன்னால் நிறுத்தி, துணியை எடுத்தார்.

முதலில் அவருக்குத் தோன்றியது: இவள் எப்போது இங்கே வந்தாள்?

அடுத்த நொடி வெட்கமாக இருந்தது. பலகைதான். இரண்டடி உயரம். ஆனாலும் வாசல் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

தொழில்காரர் இல்லையா, உடனே தொழில் புத்தி வேலை செய்தது. புது வண்ணத்தைச் சோதிக்கும்போது செய்வதுபோல் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பக்கவாட்டில் குனிந்து பார்த்தார். தூரிகைத் தடம் இல்லை. மேடு பள்ளம் இல்லை. விளக்கின் வெளிச்சம் காரின் கதவில் படுகிறபோது வழுக்கிக்கொண்டு போய்விடும். இங்கே அது போகவில்லை. உள்ளே இறங்கியது. இறங்கி, அடியில் எங்கேயோ இருந்த வெள்ளையைத் தொட்டு, வருகிற வழியில் கிடந்த சிவப்பையும் மஞ்சளையும் எல்லாம் வாரிக்கொண்டு திரும்பி வந்தது. அதனால்தான் அந்தக் கன்னத்தில் வெளிச்சம் பட்ட மாதிரி இல்லை, கன்னத்திலிருந்து வெளிச்சம் வருகிற மாதிரி இருந்தது. காது மடலின் விளிம்பில், வெயிலுக்கு எதிரே விரலை வைத்துப் பார்த்தால் தெரியுமே, அந்தச் செம்மை. கழுத்தில் மெல்லிய நீல நரம்பு ஒன்று. இருபத்தைந்து வருஷமாகப் பக்கத்திலேயே இருக்கிற கழுத்து. அவர் பார்த்ததே இல்லை. வாயோ, சிரிக்கவில்லை. சிரிப்பு வந்துகொண்டிருக்கிறது, வாசற்படி தாண்டவில்லை.

ஒரு காலத்தில் யாரோ ஆசைப்பட்டுக் கேட்டதற்காக ஒரு மோட்டார் பைக்குக்கு வெள்ளிப் பூச்சின் மேல் கண்ணாடிச் சிவப்பு அடித்திருக்கிறார். நாலு கோட்டு. ஊரே வந்து தொட்டுப் பார்த்தது. அன்றைக்கு அதைப் பெரிய வித்தை என்று நினைத்துக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தி நடந்தது இப்போது நினைவுக்கு வந்து, நெஞ்சு தானாக இறங்கிக்கொண்டது.

ஒடுக்கெடுக்கிறவர் சுத்தியலும் கையுமாக வந்து பக்கத்தில் நின்றார். நெளிந்த தகரத்தைத் தட்டி நிமிர்த்துவது அவர் வேலை. தட்டாத நேரத்தில் வாயால் தட்டுவார். இன்றைக்குச் சுத்தியலைத் தோளில் சாத்திக்கொண்டு படத்தையே பார்த்தார். கடைசியில், "அண்ணி இவ்வளவு அழகுன்னு நீங்க சொல்லவே இல்லையேண்ணே" என்றார்.

"எனக்கே இப்பதான் தெரியும்."

சுண்டு விரலால் கன்னத்தை ஓரமாகத் தொட்டார். ஒட்டியது.

இதற்குப் பிறகு அவர் செய்ததை முட்டாள்தனம் என்று சொல்லிவிடலாம். ஆனால் அவர் ஒவ்வொரு அடியையும் யோசித்துத்தான் எடுத்து வைத்தார் என்பதையும் சொல்ல வேண்டும். வண்ணம் அடித்த காரை நிறுத்திச் சூடான காற்றில் காய வைக்கும் அறை ஒன்று பட்டறையில் உண்டு. சூட்டறை என்பார்கள். அங்கே தகரத்துக்கு அறுபது டிகிரி. பிளாஸ்டிக் பம்பருக்கு ஐம்பது. "பம்பருக்கே அம்பதுன்னா இவளுக்கும் அம்பதுதான்" என்று மனைவிக்குப் பம்பரின் மரியாதையைக் கொடுத்தார். தூசி தட்டினார். பலகையை ஆடாமல் நிறுத்தினார். கதவைச் சாத்திக்கொண்டு சின்னக் கண்ணாடி வழியாகப் பார்த்தபடி நின்றார், பிரசவ அறைக்கு வெளியே நிற்கிறவர் மாதிரி.

நாற்பது நிமிஷத்தில் முகம் பளபளத்தது. எடுத்திருக்கலாம். "இன்னும் பத்து நிமிஷம்" என்றார்.

கதவைத் திறந்தபோது, காய்ச்சிய பாலின் டம்ளரைச் சாய்த்தால் ஆடை எப்படி மடியுமோ அப்படி, இடது கன்னமும் வாயும் சுருங்கி மடிந்திருந்தன.

அவர் கீழே உட்கார்ந்துவிட்டார். ஒடுக்கெடுக்கிறவர் எட்டிப் பார்த்துவிட்டு, வாழ்க்கையில் முதல்முறையாக, சுத்தியலைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார்.

படம் போனது போகட்டும் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த நேரத்தில் ரெண்டு கோட்டு நினைத்தது படத்தை அல்ல. அந்த மாடி அறையில் இரண்டு பேரை எதிரெதிரே உட்கார வைத்தது இந்தப் பலகைதான். இது போனால் நாற்காலியும் போகும், ஞாயிற்றுக்கிழமையும் போகும், தண்ணி டம்ளரும் போகும். மறுபடியும் உப்புக்கு நடுவில் போய் உட்கார வேண்டும், சாகிற வரைக்கும்.

அக்காவுக்கு ஃபோன் போட்டார். எடுத்தது மனைவி.

"நீ எப்படி அங்கே?"

"அண்ணியைக் கண் ஆஸ்பத்திரிக்கு வேற யாரு கூட்டிட்டு வருவா? கண்ணுல மருந்து விட்டிருக்காங்க, எதுவும் தெரியலையாம். என்ன விஷயம், உங்க குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?"

அவர் சொன்னார். பிறகு, மனைவி வாயைத் திருப்பிக்கொண்டு யாரிடமோ, "அண்ணி, இவரு உங்க படத்தை அடுப்புல வெச்சுட்டாராம்" என்று சொல்வது கேட்டது.

அரை மணியில் வந்து இறங்கினார்கள். அக்கா பெரிய கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாள். மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "படி இருக்கு. இன்னொண்ணு. ஆங், சரி" என்று அழைத்து வந்தாள். அந்தப் பிடியைப் பார்த்ததும் அவருக்குக் கண் கரித்தது. பட்டறையில் எப்போதும் தின்னர் வாடை இருக்கும். அதன் மேல் பழியைப் போட்டுவிடலாம்.

அக்கா கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "என் கையைப் பிடிச்சு வெச்சுக் காட்டு" என்று சொல்லி, அவர் வழிநடத்த, விரல் நுனியால் அந்தச் சுருக்கத்தை ஒரு தடவை தடவினாள்.

"எத்தனை டிகிரி?"

"அம்பது."

"எவ்வளவு நேரம்?"

"நாப்பது நிமிஷம்..."

"டேய்."

"அம்பது நிமிஷம்."

"மத்த இடமெல்லாம்?"

"ஒண்ணும் ஆகலை. கன்னமும் வாயும்தான்."

அக்கா தலையாட்டினாள். "அது ரெண்டுலயும்தான் சாம்பலுக்கு மேல ஒண்ணு காயறதுக்குள்ள இன்னொண்ணாப் போட்டுக்கிட்டே வந்தேன். காயாததுக்கு மேல காயாததா. நீ படியில உக்காந்து நச்சரிச்சே, நானும் புத்தி கெட்டுக் கேட்டுக்கிட்டேன். பாதி உன் அடுப்பு. மீதி நான்." பிறகு நிமிர்ந்தாள். "இது சூடு ஆறி இறுகறதுக்குள்ள எடுத்தாகணும். எனக்கு ராத்திரி வரைக்கும் எல்லாம் பனிமூட்டம்தான். நீ எடு."

"நானா?"

"முப்பது வருஷமா நீயே தப்பா அடிச்ச பெயின்ட்டை நீயேதானே சுரண்டுறே? அந்தக் கைதான் வேணும்."

"கண்ணுக்கு நான் இருக்கேன்" என்றாள் மனைவி. "என்ன தெரியுதுன்னு சொல்றேன். நானும்தான் இன்னும் படத்தைப் பாக்கலையே."

"பாக்காதே, இப்போ பாக்காதே" என்று அவர் பதறினார். அவள் அதற்குள் பார்த்துவிட்டாள்.

சுருங்காத பாதியை அவள் வெகுநேரம் பார்த்தாள். காதை, கழுத்தை, நீல நரம்பை. கை தானாகத் தன் கழுத்துக்குப் போயிற்று. கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் அக்காவின் முகம் அவள் பக்கமே திரும்பி, காத்துக்கொண்டிருந்தது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் கேட்ட கேள்வி ஒன்றுக்கு, கேட்டவளே பதில் சொல்லட்டும் என்பது போல.

"ஆரம்பிங்க" என்றாள் மனைவி. "அண்ணி சொல்ற மாதிரி. உங்க இஷ்டத்துக்கு இல்லை."

பட்டி பூசும் மெல்லிய தகட்டை எடுத்து, முனையை உப்புத்தாளில் மழுக்கினார். பஞ்சில் டர்பன்டைன். ஆடையின் விளிம்பைத் தூக்கியதும் அது ஈரத்தோடு உரிந்து வந்தது. அதன் கீழே இன்னொன்று இளகிக் கிடந்தது.

"வழிச்சு எடு. அழுத்தாதே. என்ன நிறம் தெரியுது?"

"சிவப்பு. மாதுளை முத்து மாதிரி" என்றாள் மனைவி.

"அது போன வாரம். எடுத்துடு."

தகடு நகர்ந்தது. கார்க் கதவைத் தேய்த்து இறங்கும்போது பழைய வண்ணங்கள் வளையம் வளையமாகத் தெரியும். அறுத்த மரத்தில் தெரிவது போல. அவருக்கு அது தினம் பார்க்கிற காட்சி. ஆனால் இங்கே, ஒரு தலைமுடியின் கனம்கூட இல்லாத ஆழத்துக்குள், வளையத்துக்குள் வளையம், வளையத்துக்குள் வளையம். முப்பது வருஷத்தில் முதல்முறையாக மூச்சைப் பிடித்துக்கொண்டு சுரண்டினார்.

"இப்போ ரோஜா. ஓரத்துல கொஞ்சம் மஞ்சள்."

"அன்னிக்கு நீ உன் புருஷன் குறட்டை விடறதை நடிச்சுக் காட்டினே. சிரிச்சு முகமெல்லாம் ரத்தம் ஏறிடுச்சு. அதை விடக் கூடாதுன்னு போட்டேன்."

"நானா குறட்டை விடறேன்?"

"நீங்க வேலையைப் பாருங்க."

"அடுத்தது வெளிர் ஆரஞ்சு, அண்ணி. பப்பாளித் தோல் பழுத்தாப்பல."

"அது... எந்த வாரமோ. மழை பெஞ்சுது, வெளிச்சம் போதலை. சரியா ஞாபகம் இல்லை."

"எனக்கு இருக்கு. ஜன்னலைச் சாத்தறப்போ உங்க கை நசுங்கிடுச்சு. நான்தான் ஊதிவிட்டேன்."

"ஆமா" என்றாள் அக்கா. கொஞ்சம் பொறுத்து மறுபடியும், "ஆமா."

இன்னொரு மெல்லிய மஞ்சள். அது தண்ணி கொடுத்த மாசம். அதுவும் வழிந்து வந்ததும் தகடு கெட்டியான ஒன்றில் முட்டி வழுக்கியது.

"நிறுத்து" என்றாள் அக்கா, சத்தத்தை வைத்தே. "அதுக்குக் கீழ போகாதே. அது காய்ஞ்சு ஏழு மாசம் ஆச்சு. உன் அடுப்பு அதை ஒண்ணும் பண்ணியிருக்காது."

அவர் பஞ்சால் துடைத்துவிட்டு விலகினார். மூன்று பேரும் பார்த்தார்கள். அதாவது, இரண்டு பேர் பார்த்தார்கள்.

உயிருள்ள ஒரு முகத்தின் நடுவில், உள்ளங்கை அகலத்துக்கு, சாம்பல். அந்தச் சாம்பலில் ஒரு வாய். இறுக்கிச் சாத்திய வாய். ஓரம் கீழே இழுத்து, தாடை எலும்பு பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறது. கண் இன்னும் சிரிக்கப் போகிற கண். வாய் பதினோரு வருஷத்து வாய்.

மனைவி குனிந்து கிட்டத்தில் பார்த்தாள். "இது யாரு அண்ணி?"

"முதல் மாசம் வந்தவ."

"இவ்வளவு கோவமாவா உக்காந்திருந்தேன்?"

"நான் ஒண்ணும் சேர்க்கலை. கொஞ்சம் குறைச்சுதான் போட்டேன்." அக்கா கறுப்புக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள். "இவன் என்கிட்ட வந்து, நீ என் கையால வரையணும்னு ஏங்கிக் கிடக்கறேன்னு சொன்னான். இந்த மூஞ்சியைப் பாத்ததுமே தெரிஞ்சுடுச்சு புளுகுன்னு."

"என்கிட்ட நீங்க ஏங்கிக் கிடக்கறீங்கன்னு சொன்னாரு."

"தெரியும். மூணாவது மாசம் நீ காதோரமா சொன்னியே."

ரெண்டு கோட்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். எட்டு மாசமாகத் தான் கட்டிக் காத்த ரகசியம் ஐந்து மாசத்துக்கு முன்பே காலாவதியாகியிருந்தது.

"அப்போ இதை அழிச்சுட்டு வேற வரைஞ்சிருக்கலாமே?" என்றாள் மனைவி. விரல் சாம்பல் வாய்க்கு மேலே, தொடாமல் நின்றது. "இது மேலயேவா அத்தனையும் போட்டீங்க?"

"அழிச்சா நிழலுக்கு எங்கே போவேன்? உன் பையில அந்தச் சிவப்பு இருக்கா?"

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே இரண்டு பேரும் கடைக்குப் போய்ப் புது வண்ணம் வாங்கியிருந்தார்கள். மனைவி டியூபை எடுத்து மூடி திருகி, அக்காவின் கட்டைவிரலில் ஒரு கடுகளவு வைத்தாள். பிறகு அந்தக் கையைப் பிடித்து, தன் கன்னத்துக்குக் கொண்டுபோனாள். பலகையில் இருந்த கன்னத்துக்கு.

கண் தெரியாத அக்கா விரலால் தேய்த்தாள். வட்டமாக, மெதுவாக, ஏறக்குறைய இல்லை என்னும் அளவுக்கு மெலிசாக. முதலில் வெறும் சிவப்பு. தேய்க்கத் தேய்க்க அது சிவப்பாக இல்லாமல் போயிற்று. சாம்பல் கீழேயிருந்து மேலே வந்தது, சிவப்பு மேலேயிருந்து கீழே போயிற்று, இரண்டும் எங்கேயோ நடுவில் சந்தித்தன. அந்த இடத்தில் தோல் உண்டாயிற்று. வெந்நீர் பட்டதுபோல ரத்தம் ஏறியது. கோபம் இருந்த தாடையின் நிழல் அப்படியேதான் இருந்தது. ஆனால் அது இப்போது கோபமாக இல்லை. கன்னத்துக்கு ஒரு எலும்பு, ஒரு கனம், ஒரு வயசு கொடுத்துக்கொண்டிருந்தது.

ஒடுக்கெடுக்கிறவர் பின்னாலிருந்து, "அய்யோ" என்றார், மூச்சாக.

ரெண்டு கோட்டு இன்னும் கிட்டே போய்க் குனிந்தார். இதுவரை ஆயிரம் வண்டிக்காவது அடித்திருப்பார். ஒவ்வொன்றிலும் கீழே இருப்பதை மறைக்கத்தான் அடித்தார். கீழே இருப்பது மேலே வரட்டும் என்று ஒருத்தி அடிப்பாள் என்பது அவருக்குத் தோன்றியதே இல்லை.

அக்கா பஞ்சைக் கேட்டு வாங்கி, ஒரே இழுப்பில் துடைத்துவிட்டாள்.

"ஐயோ, ஏன்!" என்று அவர் அலறினார். கன்னம் மறுபடியும் செத்துக் கிடந்தது.

"சும்மா வருதான்னு பாத்தேன். பலகை சூடு தின்னிருக்கு, ஒரு மாசமாவது ஆறட்டும். அப்புறம் ஒண்ணொண்ணா. நாலு மாசம், அஞ்சு மாசம்." குரல் கொஞ்சம் இறங்கியது. "அவளுக்கு மறுபடியும் வந்து உக்காரப் பொறுமை இருக்கணும்."

மனைவி டியூபின் மூடியைத் திருகிப் பையில் போட்டுக்கொண்டாள். "நீலச் சேலைதானே? துவைச்சு வெக்கிறேன்" என்றாள். பிறகு புருஷன் பக்கம் திரும்பி, "அந்த மாத்துச் சாவியை இப்படிக் குடுங்க" என்று கை நீட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை கூடம் நிறைய ஆட்கள். புதுச் சுவர், நடுவில் வெறும் ஆணி. வந்தவர்கள் எல்லாம் வாழ்த்துச் சொல்லிவிட்டு அந்த ஆணியைப் பார்த்தார்கள்.

"என்னம்மா, ஆணி மட்டும் இருக்கு, படத்தைக் காணோம்?"

"காயுது" என்றாள் மனைவி, ஏதோ பெரிய பதவி கிடைத்தவள் மாதிரி.

சாப்பாட்டு மேஜையில் ரெண்டு கோட்டு வழக்கப்படி நடு நாற்காலிக்குப் போனார். அதில் அக்கா உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் மனைவி. அவருக்கு ஓரத்தில் ஒரு ஸ்டூல். உப்பு அவர் உதவியில்லாமலே போய் வந்துகொண்டிருந்தது.

அப்போது தாமதமாக வந்த ஒடுக்கெடுக்கிறவர், பையை வைக்க இடம் தேடி, சுவரில் ஆணியைக் கண்டு, கையைத் தூக்கினார்.

"அதுல மாட்டாதீங்க!"

இரண்டு பெண்களும் ஒரே குரலில் கத்தியதில் கூடமே திரும்பிப் பார்த்தது. ரெண்டு கோட்டு ஸ்டூலிலிருந்து துள்ளி எழுந்து ஓடி, பையைப் பறித்துக்கொண்டார். சாப்பிட்டு முடிக்கும் வரை அதை மடியிலேயே வைத்திருந்தார்.